கையா? எந்திரமா? ஒரு தீப்பெட்டி சொல்லும் பாடம்

ஒரு தீக்குச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

விரலில் பாதி நீளம். நுனியில் ஒரு மிளகு அளவுகூட இல்லாத மருந்து. ஒரே உரசல். தீ!

அடுப்பு பற்றிக் கொள்கிறது. சாமி விளக்கு எரிகிறது. குச்சியைக் கீழே போடுகிறோம். அதோடு மறந்து விடுகிறோம்.

அந்தக் குச்சியைச் செய்தது யார்? ஒரு பெண்ணின் கையா? அல்லது ஓர் எந்திரமா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. நூறு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் பல குடும்பங்களின் சோறு இந்தக் கேள்வியைச் சுற்றியே இருந்து வந்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்பும் இதில் அடங்கி இருக்கிறது. சர்க்காரின் வரியும் இதில் கலந்திருக்கிறது.

இன்று சிறிய பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், வைக்க நினைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். கைக்கருவி வாங்குவதா? மின்சாரக் கருவி வாங்குவதா?

தீப்பெட்டியின் கதையைக் கேட்டால் அதற்கு விடை கிடைக்கும். அந்தக் கதை வடசென்னையில் தொடங்குகிறது.

விம்கோ நகர்

சென்னை சென்டிரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் ஏறுங்கள். திருவொற்றியூர் தாண்டியதும் ஒரு நிலையம் வரும். அதன் பெயர் விம்கோ நகர்.

2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி மெட்ரோ ரெயிலும் அங்கே வந்துவிட்டது. தினமும் எத்தனையோ பேர் "விம்கோ நகருக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்கிறார்கள்.

விம்கோ என்றால் என்ன? அது ஒரு தலைவரின் பெயரா? ஒரு தெய்வத்தின் பெயரா?

இரண்டும் இல்லை. அது ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்!

வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பது முழுப்பெயர். அதன் முதல் எழுத்துக்களைச் சேர்த்தால் "விம்கோ". சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளிகள் 1923-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள்.

அதற்கு முன்பு, நமது நாட்டுக்கு வேண்டிய தீப்பெட்டிகள் பெரும்பாலும் கப்பலில் வந்தன. சுவீடனில் இருந்து வந்தன. ஜப்பானில் இருந்தும் வந்தன. 1922-ல் இறக்குமதி வரியை அரசாங்கம் உயர்த்தியது. வெளியே செய்து கொண்டுவந்தால் வரி. உள்ளேயே செய்தால் அந்த வரி இல்லை. சுவீடன்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இந்தியாவிலேயே ஆலைகளைக் கட்டினார்கள். பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் ஓர் ஆலை. வடக்கே பரேலியில் ஓர் ஆலை. கல்கத்தாவில் ஓர் ஆலை. நமது திருவொற்றியூரிலும் ஓர் ஆலை.

திருவொற்றியூர் ஏன்? துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. ரெயில் பாதை இருக்கிறது. மரமும் மருந்தும் வந்து இறங்கலாம். செய்த சரக்கு ரெயிலில் ஏறலாம். ஆலைக்கு வேறு என்ன வேண்டும்?

எந்திரத்தின் வேலை

சுவீடன்காரர்கள் எந்திரத்தில் கெட்டிக்காரர்கள். தீப்பெட்டியின் பக்கத்தில் உரசினால் மட்டும் எரியும் குச்சிக்கு 1844-ல் உரிமை பெற்றவர், பாஷ் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி. 1864-ல் தீக்குச்சி செய்யும் தானியங்கி எந்திரத்தை உருவாக்கியவர், லாகர்மன் என்ற சுவீடன் நாட்டு என்ஜினீயர்.

எந்திர ஆலையில் வேலை எப்படி நடக்கும் தெரியுமா?

மரத்தடியை எந்திரத்தில் மாட்டிச் சுழற்றுவார்கள். கூரான கத்தி அதைச் சீவும். காகிதச் சுருள் பிரிவதுபோல் மரம் தகடு தகடாக உரிந்து வரும். இன்னொரு கத்தி அந்தத் தகட்டைக் குச்சிகளாக நறுக்கும்.

பிறகு நீண்ட சங்கிலி போன்ற ஒரு பட்டை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குச்சி போய்ச் செருகிக்கொள்ளும். பட்டை நகரும். குச்சிகள் முதலில் மெழுகில் முழுகும். பிறகு மருந்தில் நுனியை நனைக்கும். பட்டை மேலும் கீழும் சுற்றிச் சுற்றி வரும்போது மருந்து காயும். கடைசியில் குச்சிகள் வெளியே தள்ளப்பட்டு, பெட்டிக்குள் விழும்.

ஒரு முனையில் மரக்குச்சி. மறு முனையில் தீப்பெட்டி! இடையில் மனிதன் நின்று கவனித்துக் கொண்டால் போதும்.

ஒரு காலத்தில் இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகளில் பெரும்பகுதி விம்கோ குச்சிகளே. "கப்பல்" தீப்பெட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது விம்கோ தீப்பெட்டி.

சிவகாசியின் வழி

விம்கோ பிறந்த அதே 1923-ம் ஆண்டில் தெற்கே இன்னொரு காரியம் நடந்தது.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை இல்லை. விளைச்சல் இல்லை. அந்த ஊரைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள், அய்ய நாடார், சண்முக நாடார் என்பவர்கள், கல்கத்தாவுக்குப் போனார்கள். இருவரும் உறவினர்கள். அங்கே தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக் கொண்டார்கள். ஊருக்குத் திரும்பி 1923-ல் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள்.

அந்த ஊரில் பணம் குறைவு. ஆனால் வேலை தேடும் கைகள் அதிகம். நல்ல வெயில் உண்டு. மழையே இல்லாத ஊரில் மருந்து சீக்கிரம் காயும். மழை பெய்யவில்லையே என்று அழுத ஊருக்கு, அந்த வெயிலே முதலாக அமைந்தது!

கைத்தொழிலாகத் தீப்பெட்டி வளர்ந்தது. சிவகாசியில் இருந்து சாத்தூருக்குப் பரவியது. கோவில்பட்டிக்குப் பரவியது. கழுகுமலை, எட்டயபுரம் என்று ஊர் ஊராகப் போயிற்று. வடக்கே குடியாத்தத்திலும் வேர் விட்டது.

கரிசல் கிராமங்களில் இந்த ஆலைக்கு "தீப்பெட்டி ஆபீஸ்" என்று பெயர். "அம்மா ஆபீசுக்குப் போயிருக்கிறாள்" என்று பிள்ளை சொன்னால், அது தீப்பெட்டி ஆபீஸ்தான்.

கையின் வேலை

தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஒரு பெண் மரச்சட்டத்தின் முன் உட்காருவாள். குச்சிகளை இடைவெளி விட்டு வரிசையாகச் சட்டத்தில் அடுக்குவாள். ஒன்றோடு ஒன்று ஒட்டக் கூடாது. ஒட்டினால் மருந்தும் ஒட்டிக் கொள்ளும்.

நிரம்பிய சட்டத்தை ஓர் ஆள் மெழுகில் தோய்ப்பார். பிறகு மருந்துத் தட்டில் நுனிகளை மட்டும் முக்கி எடுப்பார். சட்டங்களைக் காய வைப்பார்கள். காய்ந்த குச்சிகளை இன்னொரு பெண் பெட்டிகளில் நிரப்புவாள். எண்ணிப் பார்க்க மாட்டாள். ஒரு பிடி எடுத்தால் அளவு சரியாக இருக்கும். பழகிய கைக்குக் கணக்குத் தெரியும்!

பெட்டி ஒட்டுவது தனி வேலை. உள்ளே ஒரு பெட்டி. அது நுழைய வெளியே ஒரு கூடு. இந்த வேலையைப் பெண்கள் வீட்டுக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். சமையல் முடிந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டினார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தீப்பெட்டி வியாபாரத்தில் ஒரு பண்டல் என்றால் 600 பெட்டி. ஒரு பெட்டிக்கு 40 குச்சி என்று வைத்துக்கொண்டால், ஒரு பண்டலுக்கு 24 ஆயிரம் குச்சி. ஒரு குச்சிக்கு ஒரு வினாடி என்றாலும், அடுக்குவதற்கு மட்டும் 6 மணி 40 நிமிடம் ஆகும்!

அத்தனை வினாடிகளும் ஒரு பெண்ணின் முதுகில் ஏறிய வினாடிகள். ஆனால் அத்தனை வினாடிகளும் அவளுக்குக் கூலி தந்த வினாடிகள். இதுதான் சிக்கல்.

வரி என்னும் தராசு

பெரிய எந்திரமும் ஏழைக் கையும் சந்தையில் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? எந்திரம்தான் ஜெயிக்கும் என்று சொல்வீர்கள். ஆனால் நடந்தது வேறு.

1934-ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, கைத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று சர்க்கார் நினைத்தது. எந்திரத் தீப்பெட்டிக்கு அதிக வரி. கையால் செய்த தீப்பெட்டிக்குக் குறைந்த வரி. தராசின் ஒரு தட்டில் சர்க்கார் கையை வைத்து அழுத்தியது போல் ஆயிற்று.

சிறிது சிறிதாகச் சந்தை தெற்கே போயிற்று. நாட்டின் பெரும்பகுதிக் குச்சிகள் சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்தே வரத் தொடங்கின. 2005-ல் விம்கோ கம்பெனியே ஐ.டி.சி. நிறுவனத்தின் கைக்கு மாறியது.

ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே வித்தியாசம் தொடர்ந்தது. 2017-ல் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதம். மற்றதற்கு 18 சதவீதம். 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் இரண்டுக்கும் ஒரே வரி, 12 சதவீதம் என்று ஆயிற்று.

ஏன் மாற்றினார்கள்? ஒரு காரணம் உண்டு. "இது கையால் செய்ததா, எந்திரத்தில் செய்ததா?" என்று சொல்வதே கடினமாகி விட்டது. பல ஆபீசுகளில் ஒரு வேலைக்கு எந்திரம் வந்துவிட்டது. மற்ற வேலைகள் கையில் நடந்தன. பாதி கை, பாதி எந்திரம். அதற்கு எந்த வரி போடுவது?

வரி போடுபவர்களுக்குத் தலைவலியாக இருந்த இந்தப் "பாதி"யில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. அதற்கு முன், ஒரு கசப்பான சங்கதியையும் சொல்லியாக வேண்டும்.

சின்னஞ்சிறு கைகள்

கைத்தொழில் என்றால் நல்லது, எந்திரம் என்றால் கெட்டது என்று சொல்லிவிட முடியாது.

குச்சி அடுக்கச் சின்ன விரல்கள் போதும். பெட்டி ஒட்டவும் போதும். அதனால் என்ன நடந்தது? பள்ளிக்கூடம் போக வேண்டிய குழந்தைகள் ஆபீசுக்குப் போனார்கள். விடியும் முன் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும்.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் வைக்கக் கூடாது என்றது சட்டம். ஆனால் குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் தொழிலுக்கு அதில் விலக்கு இருந்தது. வீட்டுத் திண்ணையில் தாயோடு உட்கார்ந்து வேலை செய்த பெண் குழந்தையை அந்தச் சட்டம் தொடவில்லை.

சிவகாசிக் குழந்தைகளுக்காகப் போடப்பட்ட வழக்கில், 1996-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. ஆபத்தான வேலையில் குழந்தையை வைத்த முதலாளி, ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. 2016-ல் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. இப்போது, குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. ஆபத்தான வேலையில் 18 வயது நிரம்பாதவர்களையும் வைக்கக் கூடாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. லண்டனில் 1888-ல் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் காலத்தில் குச்சிக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் பூசுவார்கள். அதன் புகை பட்டால் தாடை எலும்பு அழுகும். 1906-ல் பல நாடுகள் கூடி அதைத் தடுக்க ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. இன்று நாம் வாங்கும் தீப்பெட்டியில் வெள்ளைப் பாஸ்பரஸ் கிடையாது.

கை புனிதமும் இல்லை. எந்திரம் பூதமும் இல்லை. எந்த வேலைக்கு எது என்பதே கேள்வி.

எதை எந்திரத்துக்குக் கொடுப்பது?

தீப்பெட்டி வேலையை ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் படி, குச்சி நறுக்குவது. மரத்தடியைத் தகடாக உரித்து, ஒரே கனத்தில் லட்சக்கணக்கான குச்சிகள் நறுக்க வேண்டும். இது கைக்கு ஏற்ற வேலையே அல்ல. கைத்தீப்பெட்டி ஆபீசுகளும் எந்திரத்தில் நறுக்கிய குச்சிகளைத்தான் மூட்டையாக வாங்கின.

இரண்டாவது படி, மருந்து. இதுதான் ஆபத்தான படி. குச்சியின் நுனியில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், வஜ்ஜிரப் பசை, கண்ணாடித்தூள் முதலியவை. பெட்டியின் பக்கத்தில் தடவுவது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் பிரிந்திருந்தால் ஆபத்து குறைவு. ஒன்று சேர்ந்து உரசினால் வெடிக்கும். அதனால்தான் நுனி மருந்து ஓர் அறையிலும், பக்க மருந்து வேறு அறையிலும் இருக்க வேண்டும். அந்த அறைத் தூரிகை இந்த அறைக்கு வரக் கூடாது. வாளி வரக் கூடாது. கை துடைத்த துணிகூட வரக் கூடாது.

அரைப்பது, கலக்குவது, முக்குவது ஆகிய வேலைகளில் இருந்து மனிதன் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறானோ அவ்வளவு நல்லது. முதலில் எந்திரம் வாங்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது படி, சட்டத்தில் குச்சி அடுக்குவது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் நாள் முழுவதும் குனிந்த முதுகு. இதற்கும் எந்திரம் வந்துவிட்டது. குச்சிகளைக் கொட்டினால் அது ஆட்டி ஆட்டி அடுக்கும். பக்கத்தில் ஒரு பெண் நின்று, கோணல் குச்சியை எடுத்துப் போட வேண்டும்.

நான்காவது படி, பெட்டியில் நிரப்புவது. இது பார்க்கச் சாதாரணம். ஆனால் காய்ந்த மருந்து. உரசினால் பற்றும். கைக்கு ஒரு நன்மை உண்டு. ஒரு குச்சி ஒட்டிக்கொண்டு வராவிட்டால், கை நின்று விடும். எந்திரம் நிற்காது, இழுக்கும். ஆகவே இங்கே எந்திரம் வைத்தால் மட்டும் போதாது. தூசியைத் தினமும் துடைக்க வேண்டும். தண்ணீர் வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டென்று நிறுத்த ஒரு சுவிட்சு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது படி, பெட்டி ஒட்டுவது. ஆபத்து இல்லை. வீட்டில் இருந்தே செய்யலாம். கிழவிக்கும் கூலி, கைக்குழந்தை உள்ள தாய்க்கும் கூலி. இந்த வேலையை எந்திரத்துக்குக் கொடுத்தால், முதலாளிக்குப் பெட்டிக்குச் சில காசு மிச்சம். ஆனால் தெரு முழுவதும் அடுப்பு எரிவது நின்று போகும்.

இப்போது விடை தெரிகிறது அல்லவா?

ஆபத்தை முதலில் எந்திரத்துக்குக் கொடு. முதுகுவலியை இரண்டாவதாகக் கொடு. கூலியைக் கடைசியில் கொடு.

கொடுக்கும்போதும், அந்த எந்திரத்தை ஓட்டும் வேலையை அதே பெண்ணுக்குக் கற்றுக் கொடு.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கூலி மிச்சமாகும் இடத்தில் முதலில் எந்திரம் வைக்கிறார்கள். மருந்து அறையில் பழைய வாளியும் பழைய கையுமே இருக்கின்றன. அது லாபம் அல்ல. அது கடன். ஒரு நாள் தீ வந்து வட்டியோடு வசூல் செய்துவிடும்.

தோட்டாக் கூடும் இதே கதை

தீக்குச்சிக்கு ஓர் அண்ணன் உண்டு. அது துப்பாக்கித் தோட்டா. தோட்டாவின் அடியில் தட்டினால் தீப்பொறி கிளம்பும் மருந்து இருக்கிறது. பழைய காலத்தில் அதிலும் இதே பொட்டாசியம் குளோரேட்டு சேர்த்தார்கள்.

சில வெளிநாடுகளில், குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள் சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அதைத் துடைத்து, நீண்டுபோன வாயை அளவாக வெட்டி, விளிம்புப் பிசிறைத் தேய்த்து, மறுபடியும் பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கும் இதே சந்தேகம். கையால் சுற்றும் வெட்டுக்கருவியா? மின்சாரத்தில் சுழலும் கருவியா?

ஐம்பது கூடு என்றால் கைக்கருவி போதும் என்கிறார்கள். ஆயிரம் கூடு என்றால் மணிக்கட்டு வீங்கிவிடும், மின்சாரம் வேண்டும். ஆனால் மின்சாரக் கருவி கண்மூடித் திறப்பதற்குள் அதிகமாகத் தேய்த்துவிடும். கூடு நீளமாக இருந்தால் துப்பாக்கிக்குள் அழுத்தம் ஏறி, சுடுகிறவனுக்கே ஆபத்து. ஆகவே எந்தக் கருவி வாங்கினாலும், முதலில் வாங்க வேண்டியது அளவுகோல்.

நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். ஆகவே அந்த வேலை நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் பாடம் நமக்கு வேண்டும். எண்ணிக்கை பெருகினால் மின்சாரம். ஆனால் எண்ணிக்கை எதுவானாலும் அளவு பார்க்கும் கண்!

தங்கக் கோடு

திருவொற்றியூரிலேயே இன்னொரு சாட்சியும் உண்டு.

1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, அந்த ஊரில்தான் புல்லட் மோட்டார் சைக்கிள் செய்தது. என்ஜின் பாகங்களைக் கடைய எந்திரங்கள் இருந்தன. இரும்பை அழுத்தி டாங்கி செய்ய எந்திரங்கள் இருந்தன. ஆனால் அந்த டாங்கியின் மேல் வளைந்து ஓடும் தங்கக் கோட்டை எப்படிப் போட்டார்கள்?

கையால்! ஒரு மெல்லிய தூரிகை. ஒரே மூச்சில் ஒரு கோடு. அளவுகோல் இல்லை, அச்சு இல்லை. அந்தக் கோட்டைப் பார்த்தே வண்டியை விரும்பியவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள்.

பெரிய ஆலைகூட எல்லா வேலையையும் எந்திரத்துக்குக் கொடுத்துவிடவில்லை. எது கையில் இருந்தால் பொருளின் மதிப்பு உயருமோ, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டது.

நான்கு கேள்விகள்

ராயபுரத்தில் ஒரு சந்து. காலடிப்பேட்டையில் ஒரு வீட்டு முன்புறம். எண்ணூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. இங்கெல்லாம் சிறிய பட்டறைகள் பார்க்கலாம். வெல்டிங் வேலை, கடைசல் வேலை, பிசிறு தேய்க்கும் வேலை, தையல் வேலை என்று பல உண்டு.

ஒரு வாலிபன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வருகிறான். தாயின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறான். கடைக்காரர் பளபளக்கும் மின்சாரக் கருவியைக் காட்டுகிறார். "தவணையில் எடுத்துக்கொள் தம்பி" என்கிறார்.

தம்பி, கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்.

ஒன்று: இந்த வேலையில் கை போகும் ஆபத்து உண்டா? உண்டு என்றால், ஆபத்தைக் குறைக்கும் கருவியைக் கடன் வாங்கியாவது வாங்கு. அதோடு கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கு. சுழலும் கருவி பிசிறை முகத்தில் அடிக்கும். தொளதொளத்த சட்டைக்கையை இழுத்துக்கொள்ளும்.

இரண்டு: ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி? பத்து உருப்படிக்கு அரமும் கைத்துளைப்பானும் போதும். ஐந்நூறு உருப்படி தினமும் வந்தால் மின்சாரக் கருவி வாங்கு. "வரும்" என்று நம்பி வாங்காதே. வந்த பிறகு வாங்கு.

மூன்று: மின்சாரம் போனால் என்ன செய்வாய்? கருவி கெட்டால் யார் பழுது பார்ப்பார்? கைக்கருவி துரு பிடித்தால் எண்ணெய் போதும். மின்சாரக் கருவி நின்றால், வேலையும் நிற்கும், தவணை நிற்காது.

நான்கு: இந்தக் கருவி யாருடைய கூலியை எடுக்கிறது? உன்னோடு இருக்கும் ஆளை வெளியே அனுப்பத்தான் அது உதவும் என்றால் இன்னொரு தடவை யோசி. அதே ஆளுக்குக் கருவியை ஓட்டக் கற்றுக்கொடுத்து, இரண்டு மடங்கு வேலை எடுக்க முடியுமா என்று பார்.

முதல் கேள்விக்கு "ஆம்" என்றால் மற்ற மூன்றையும் கேட்க வேண்டாம். உயிருக்கு முன் கணக்கு இல்லை.

இரண்டு ரூபாய்

2007-ல் ஒரு தீப்பெட்டி ஐம்பது காசில் இருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. பிறகு 14 ஆண்டுகள் விலை மாறவே இல்லை! அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது. தீப்பெட்டி மட்டும் ஒரு ரூபாயிலேயே நின்றது. 2021-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதிதான் இரண்டு ரூபாய் ஆயிற்று.

அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் வந்து தீப்பெட்டியின் வயிற்றில் அடித்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரக் கூடாது என்று 2023-ல் மத்திய அரசு தடை போட்டது.

கையும் எந்திரமும் நூறு ஆண்டு சண்டை போட்டன. கடைசியில் இரண்டும் ஒரே பக்கம் நின்று, மூன்றாவது ஆளோடு போராட வேண்டி வந்தது!

நாளைக் காலையில் அடுப்புப் பற்ற வைக்கும்போது, அந்தப் பெட்டியை ஒரு நிமிடம் பாருங்கள். குச்சியை எந்திரம் நறுக்கி இருக்கும். சட்டத்தில் ஒரு பெண் அடுக்கி இருக்கலாம். பெட்டியை ஒரு கிழவி திண்ணையில் ஒட்டி இருக்கலாம்.

அதில் ஒரு குழந்தையின் விரல் படாமல் இருக்க வேண்டும். ஒருவர் கையும் வெந்திருக்கக் கூடாது. அப்படிச் செய்த தீப்பெட்டிதான் நல்ல தீப்பெட்டி. அது கையால் செய்ததாக இருந்தாலும் சரி, எந்திரத்தில் செய்ததாக இருந்தாலும் சரி!